கிழித்துத் தைத்த தஞ்சாவூர்

கும்பகோணத்துக்குத் தெற்கே, அரசலாற்றங்கரையில் ஒரு சிற்றூர். அங்கே ஓர் அக்கிரகார வீடு கைமாறப்போகிறது, பரணில் பழைய பத்திரிகைகள் கிடக்கின்றன, வேண்டுமானால் வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று நண்பரொருவர் வழியாகச் சேதி வந்தது. சில ஆண்டுகளுக்கு முந்தைய கதை இது. பழைய இதழ் என்ற சொல் காதில் விழுந்தால் நாம் மற்றதையெல்லாம் மறந்துவிடுவோம் என்பது நம்மை அறிந்தவர்களுக்குத் தெரியும். ஒரு சனிக்கிழமை காலையில் இரண்டு நண்பர்களுடன் போய் இறங்கினோம். வீட்டுக்காரர் எண்பதைத் தாண்டியவர். "எல்லாத்தையும் எடுத்துண்டு போங்கோ சார். பசங்க யாரும் படிக்கப்போறதில்லை. எடைக்குப் போட மனசு வரலை" என்றார்.

பரணில் இரண்டு வகைக் கட்டுகள் இருந்தன. ஒரு புறம், காலிகோ துணி ஒட்டிப் பைண்டு செய்த தொடர்கதைகள். வார இதழ்களிலிருந்து கதைப் பக்கங்களை மட்டும் கிழித்தெடுத்து, வாரவாரியாக அடுக்கித் தைத்தவை. முதல் பக்கத்தில் அந்த வீட்டுப் பெண்களின் கையெழுத்தில் கதையின் பெயர், ஆசிரியர் பெயர், "இரவல் கேட்க வேண்டாம்" என்ற எச்சரிக்கை. மறுபுறம், சணலால் கட்டிய உதிரிகள். கதையைப் பிடுங்கிக்கொண்ட பின் மிஞ்சிய அட்டைகள், துணுக்குகள், சினிமாப் பக்கங்கள், விளம்பரங்கள், தலையங்கங்கள். சில முழு இதழ்களும் அவற்றில் இருந்தன. ஓர் அட்டையின் மேல் 1969 ஜனவரி என்று அச்சிட்டிருந்ததைக் கண்ணால் பார்த்தோம். இன்னொன்றின் ஓரத்தில் பென்சிலால் ஏதோ கணக்கு: நடவு ஆள் இத்தனை, அறுப்பு ஆள் இத்தனை, நெல் இத்தனை மரக்கால். அந்த வீட்டின் பெரியவர் கையில் எது கிடைக்கிறதோ அதில் பண்ணைக் கணக்குப் போட்டுப் பார்ப்பவராம். சிரித்துக்கொண்டோம்.

வந்திருந்தது ஒரே ஒரு ஆட்டோ. பைண்டுகளை ஏற்றினோம். உதிரிகளை அடுத்த வாரம் வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு வந்தோம். அடுத்த வாரம் விடைத்தாள் திருத்தும் பணி குறுக்கிட்டது. அதற்கும் அடுத்த வாரம் போனபோது பரண் காலி. வீட்டை ஒழித்துக்கொடுக்கும் அவசரத்தில் பேரப்பிள்ளை பழைய பேப்பர்காரரை அழைத்துவிட்டிருந்தார்.

அன்றைக்கு நமக்குப் பெரிய வருத்தம் ஏதும் இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கதைகள் கைக்கு வந்துவிட்டன, போனது குப்பைதானே என்றிருந்தோம். தமிழ் இலக்கியம் படித்துப் பட்டம் வாங்கியவர்களுக்கு இப்படி ஒரு பயிற்சி ஊறிப்போயிருக்கிறது. கதையும் கவிதையும் பனுவல், சுற்றியிருப்பது காகிதம். அந்த வீட்டுப் பெண்கள் கத்தரிக்கோலால் செய்ததை நாம் பாடத்திட்டத்தால் செய்துகொண்டிருக்கிறோம். பைண்டுகளைப் படிக்கப் படிக்கத்தான் எதை விட்டுவிட்டு வந்தோம் என்பது உறைத்தது.

தமிழ் வார இதழ் என்பதே பெருமளவு காவிரிக்கரைக்காரர்கள் சென்னையில் போய் நடத்திய காரியம். 1926-இல் தொடங்கிய ஆனந்த விகடனை 1928-இல் வாங்கி வளர்த்த எஸ்.எஸ். வாசன் திருத்துறைப்பூண்டிக்காரர். அதில் எழுதிப் புகழ்பெற்று, பிறகு 1941-இல் தம் பெயரிலேயே இதழ் கண்ட கல்கி, மாயவரத்தை அடுத்த புத்தமங்கலத்தவர். தேவன் திருவிடைமருதூர். 1933-இல் வந்த மணிக்கொடியின் மூலவர்களுள் ஒருவரான வ.ரா. திருப்பழனம். ஓவியர் கோபுலு தஞ்சாவூரிலேயே பிறந்து, கும்பகோணம் ஓவியப் பள்ளியில் பயின்றவர். ஊரை விட்டுப் போனவர்களுக்கு ஊர் எப்படித் தெரியும் என்பது நமக்குத் தெரியாததல்ல. ஆறு நிறைய நீர், திண்ணை நிறைய வெற்றிலைச் சீவல், தெரு நிறையச் சங்கீதம். வாராவாரம் அச்சாகி ரயிலேறி வந்த அந்தத் தஞ்சாவூரை, தஞ்சாவூரில் இருந்தவர்களும் வாங்கிப் படித்து, இதுதான் நம்மூர் என்று நம்பத் தலைப்பட்டார்கள். நாமும் அப்படி நம்பி வளர்ந்தவர்தாம்.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. பைண்டுகளில் நாம் முதலில் தேடியது தில்லானா மோகனாம்பாளைத்தான். கொத்தமங்கலம் சுப்பு, 'கலைமணி' என்ற பெயரில், 1950-களின் பிற்பகுதியில் விகடனில் எழுதிய தொடர். கோபுலுவின் படங்கள் இல்லாமல் அதை எண்ணிப்பார்க்கவே முடியாது. நாகசுரக்காரர் சீவாளியைச் சரிசெய்யும் விதம், தவில்காரர் தோளில் வாரை மாட்டும் விதம், பந்தலில் உட்கார்ந்திருப்பவர்களின் முகத்தில் தெரியும் சபலம், பொறாமை, தூக்கம். இவற்றையெல்லாம் நாலு கோட்டில் போட்டுவிடுவார் மனிதர். ஐம்பதுகளின் டெல்டாவில் நாகசுரக் கலைஞர்கள் எப்படி உடுத்தினார்கள், எதில் பயணம் செய்தார்கள், மிராசுதார் வீட்டில் எந்த இடத்தில் உட்கார வைக்கப்பட்டார்கள் என்று கேட்டால், எந்த அரசு ஆவணத்தையும்விட அந்தப் படங்கள் நல்ல சாட்சி. நூலாக வந்த பதிப்பில் எழுத்து இருக்கிறது. எழுத்துக்கும் படத்துக்கும் இடையே வாராவாரம் நடந்த உரையாடல் இதழில்தான் இருக்கிறது.

அந்தக் கதை ஏ.பி. நாகராஜன் இயக்கத்தில் திரைப்படமாக வந்தது 1968 ஜூலையில். நாயகனின் பெயர் சிக்கல் சண்முகசுந்தரம். நாயகி திருவாரூர் மோகனாம்பாள். சிக்கல், நாகப்பட்டினத்துக்கு மேற்கே இருக்கிற ஊர். திருவாரூர் சாலையில் இன்னும் சற்று மேற்கே போனால் கீழ்வேளூர். அந்த வட்டாரத்தில்தான் கீழ்வெண்மணி இருக்கிறது. படம் வெளியான ஐந்தாம் மாதம், டிசம்பர் 25 இரவு, அங்கே 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிந்து மாண்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். எல்லாரும் தாழ்த்தப்பட்ட விவசாயக் கூலிகளின் குடும்பத்தினர். கூலியில் அரைப்படி நெல் கூட வேண்டும் என்று கேட்டதும், செங்கொடிச் சங்கத்தை விட மறுத்ததும் அவர்கள் செய்த குற்றம். 1970-இல் நாகை நீதிமன்றம் நிலவுடைமையாளர்களுக்குத் தண்டனை விதித்தது. 1973-இல் உயர்நீதிமன்றம் அவர்களை விடுவித்தது.

ஒரே மாவட்டம், ஒரே ஆண்டு, கூப்பிடு தூரத்தில் இரண்டு ஊர்கள். ஒன்று தமிழர் நெஞ்சில் நாகசுரமாக நிற்கிறது. இன்னொன்று நெடுங்காலம் கட்சி நினைவு நாளாக மட்டும் இருந்து, இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்', சோலை சுந்தரபெருமாளின் 'செந்நெல்' போன்ற நாவல்கள் வழியாக இலக்கிய வாசகரிடம் வந்து சேர்ந்தது. அந்த 1969 ஜனவரி இதழில் வெண்மணியைப் பற்றி என்ன இருந்தது? தலையங்கமா, மூலையில் நாலு வரியா, ஒன்றுமே இல்லையா? இதழ் வேறு நூலகங்களில் கிடைக்கலாம், தேடிப் பார்க்கலாம். ஆனால் அறுப்பு ஆள் கணக்கைப் பத்திரிகை ஓரத்தில் எழுதிவைத்த மிராசுதார் வீட்டுக்கு வந்த அந்தப் பிரதி, அரைப்படிக்காக ஊர் எரிந்த வாரங்களில் அந்த வீட்டில் புரட்டப்பட்ட அந்தப் பிரதி, வேறெங்கும் கிடைக்காது. ஓரத்தில் அவர் எழுதியிருந்த மரக்கால் கணக்குக்கு ஆண்டு என்ன என்றுகூட நாம் பார்க்கவில்லை. கூலி பற்றிய ஓர் ஆவணம் நம் கைக்கு எட்டிய தூரத்தில் இருந்தது. நாம் சிரித்துவிட்டு, தொடர்கதையைத் தூக்கிக்கொண்டு வந்தோம்.

நிற்க. இதைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் அமெரிக்கப் பத்திரிகை ஒன்றின் கதை நினைவுக்கு வரும். தம் நாட்டின் இருபதாம் நூற்றாண்டைத் திரும்பிப் பார்க்க விரும்பும் அமெரிக்கர்கள் தவறாமல் புரட்டுவது 'சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்', 'லைஃப்' போன்ற பழைய வார இதழ்களை. போஸ்ட்டின் அட்டைக்கு 1916 முதல் 1963 வரை முந்நூறுக்கும் மேற்பட்ட ஓவியங்கள் வரைந்தவர் நார்மன் ராக்வெல். முடிதிருத்தும் கடை, பண்டிகை விருந்து, மருத்துவரிடம் ஊசிக்குப் பயந்து நிற்கும் சிறுவன் என்று ஒரே படத்தில் ஒரு சிறுகதையைச் சொல்லிவிடுவார். நம் விகடனின் நகைச்சுவை அட்டைகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அவர் அந்நியராகவே தோன்ற மாட்டார். அமெரிக்கர்கள் 'பழைய நல்ல காலம்' என்று ஏங்கும்போது மனத்தில் ஓடுவது பெரும்பாலும் அவர் வரைந்த ஊர்தான்.

அந்த ஊரில் கறுப்பர்கள் ஏன் இல்லை? போஸ்ட்டில் கறுப்பர்களை ஏவலர் வேலை செய்பவர்களாக மட்டுமே வரையலாம் என்ற கட்டுப்பாடு இருந்ததாகப் பிற்காலத்தில் ராக்வெல்லே சொல்லியிருக்கிறார். அங்கிருந்து வெளியேறிய மறு ஆண்டு, 1964-இல், 'லுக்' இதழுக்கு அவர் வரைந்த படம், வெள்ளையர் பள்ளிக்குக் காவலர்கள் சூழ நடந்து போகும் ஒரு கறுப்பினச் சிறுமியினுடையது. சுவரில் எறிந்து சிதறிய தக்காளி. அதே கை, அதே தூரிகை. இதழ் மாறியதும் ஊர் மாறிவிட்டது. அதற்கும் முன்பு, 1955-இல், மிசிசிப்பி மாநிலத்தில் எம்மெட் டில் என்ற 14 வயதுச் சிறுவன் அடித்துக் கொல்லப்பட்டபோது, அவன் தாய் சவப்பெட்டியைத் திறந்துவைத்து உலகம் பார்க்கட்டும் என்றார். அந்தச் சிதைந்த முகத்தை அச்சிட்டது கறுப்பர்கள் கறுப்பர்களுக்காக நடத்திய 'ஜெட்' என்ற சிறிய இதழ். அமெரிக்காவின் ஐம்பதுகளை போஸ்ட்டின் வழியே பார்ப்பவரும் ஜெட்டின் வழியே பார்ப்பவரும் இரண்டு வேறு நாடுகளைப் பார்க்கிறார்கள்.

நம் ஜெட்கள் எங்கே என்பதுதான் நம் கேள்வி. இல்லாமலில்லை. 1937-இல் தொடங்கிய ஜனசக்தி இருந்தது. பி. சீனிவாசராவ் 1943-இல் இந்த மாவட்டத்துக்கு வந்து பண்ணையாட்களைச் சங்கமாகத் திரட்டிய காலத்தில் சாட்டையடியையும் சாணிப்பாலையும் பற்றி அச்சில் பேசியவர்கள் அந்தப் பக்கத்துக்காரர்கள். 1942-இல் திருவாரூரில் ஒரு பள்ளி மாணவர் துண்டறிக்கையாகத் தொடங்கிய முரசொலி, பின்னாளில் நாளிதழாகி நிலைத்தது; அந்த முதல் துண்டறிக்கைகளைப் போல டெல்டாவில் கையால் எழுதியும் கல்லச்சில் அடித்தும் பரப்பப்பட்ட மற்றவை எத்தனை என்று யாருக்குத் தெரியும்? இலக்கியத்தின் பக்கமும் இதே கதிதான். எம்.வி. வெங்கட்ராம் கும்பகோணத்தில் 1948-இல் 'தேனீ' நடத்திக் கைப்பொருளை இழந்தார். கரிச்சான் குஞ்சு கூட இருந்தார். நல்ல எழுத்துக்காக நொடித்துப்போன அந்த இதழைத் தேடி இன்றைய ஆய்வு மாணவர் எத்தனை படி ஏற வேண்டியிருக்கிறது! சிற்றிதழ்க்காரர்களும் எல்லாவற்றையும் பார்த்துவிட்டார்கள் என்று சொல்ல வரவில்லை. கு.ப.ரா. 'பண்ணைச் செங்கான்' எழுதியதைப் போன்ற தருணங்கள் விதிவிலக்குகள்தாம். ஆண் பெண் மனங்களின் நுட்பத்தில் கும்பகோணத்தார் போன தூரம் அதிகம். வயலுக்குள் இறங்கிய தூரம் குறைவு.

கல்கியின் பொன்னியின் செல்வன் 1950 முதல் 1954 வரை ஓடியது. ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையேறி வரும் வந்தியத்தேவனைத் தமிழ்நாடே பின்தொடர்ந்து சோழநாட்டுக்குள் நுழைந்த ஆண்டுகள் அவை. அதே சோழநாட்டில் 1952 ஆகஸ்டில் சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்புக்கான அவசரச் சட்டம் வந்தது. தலைமுறை தலைமுறையாக ஒரே பண்ணையில் கட்டுண்டு கிடந்தவரை நினைத்தபோது வெளியேற்ற முடியாது என்ற நிலை முதல்முறையாகச் சட்டத்தில் ஏறியது. ராஜாஜி முதல்வராக இருந்தபோது. கல்கியோ ராஜாஜியின் அணுக்கர். இந்த இரண்டும் ஒரே ஆண்டுகளின் இதழ்களில் எப்படிப் பக்கத்துப் பக்கமாக இருந்தன, தலையங்கம் என்ன பேசியது, தொடர்கதை என்ன பேசியது என்று படிக்க ஆசைப்பட்டால் முழு இதழ் வேண்டும். நம்மிடம் இருப்பதோ கிழித்துத் தைத்த சோழநாடு. நம்மிடம் மட்டுமல்ல, இன்று கைபேசியில் சுற்றிவரும் 'பழைய இதழ்' மின்படிகளிலும் பெரும்பாலும் அதுவே. தொடர்கதையை மட்டும் பிரித்தெடுத்து மணியம் ஓவியங்களோடு அனுப்புகிறார்கள். நாமும் ஆவலோடு வாங்கிக்கொள்கிறோம்.

கிழித்தவர்களின் கையையும் மீறி ஒன்று பிழைத்திருக்கிறது. தாளுக்கு இரண்டு பக்கம் உண்டல்லவா? கதை ஒரு பக்கத்தோடு முடிந்தால் அதன் முதுகில் இருந்த விளம்பரமும் சேர்ந்து பைண்டுக்குள் வந்துவிட்டது. அறுபதுகளின் நடுவில் வந்த ஒரு குடும்பக் கதை நம்மிடம் இருக்கிறது (கதை சுமார்தான், பெயர் வேண்டாம்). நாயகி கண்ணீரோடு பிறந்தகம் திரும்பும் அத்தியாயத்தின் முதுகில் ஓர் உர விளம்பரம். தலைப்பாகை கட்டிய குடியானவர், கையில் கதிர்க்கட்டு, ஏக்கருக்கு இரட்டிப்பு மகசூல் என்ற உறுதிமொழி. அந்தப் பக்கத்தில் நாம் கதையைவிட அதிக நேரம் தங்கிவிட்டோம்.

ஏனென்றால் அந்த விளம்பரத்துக்குப் பின்னாலும் ஓர் அமெரிக்கா இருக்கிறது. 1960-இல் ஃபோர்டு அறக்கட்டளையின் துணையோடு இந்தியாவில் தொடங்கிய 'பேக்கேஜ்' வேளாண் திட்டத்துக்கு முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட மாவட்டங்களுள் தஞ்சாவூரும் ஒன்று. உரம், விதை, கடன் எல்லாம் சேர்த்துக் கட்டிய மூட்டை. ஆடுதுறை ஆய்வு நிலையத்தின் ஏ.டி.டி. 27 நெல் அறுபதுகளின் நடுவில் வயலுக்கு வந்தது. திருச்சி வானொலி சொல்லச் சொல்லக் கேட்டுப் பயிரிட்டதால் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் விழுந்தது. களத்தில் நெல் கூடியது. கூடிய நெல்லில் அறுத்தவனுக்குப் பங்கு என்ன என்ற கேள்வியும் கூடவே வந்தது. வெண்மணியின் அரைப்படிக்கு வேறு பல காரணங்களும் உண்டு என்றாலும், இந்தக் கணக்கை விட்டுவிட்டு அதைப் புரிந்துகொள்ள முடியாது. உர விளம்பரம் ஒரு பக்கம், பத்திரிகை ஓரத்து மரக்கால் கணக்கு ஒரு பக்கம். முதலாவது கண்ணீர்க் கதையின் தயவில் நம்மிடம் இருக்கிறது. இரண்டாவது, பழைய பேப்பர் கடை வழியாகக் காகித ஆலையில் கூழாகியிருக்கும்.

பழைய இதழ்களைப் படிப்பதை ஏக்கத் தொழில் என்று கேலி செய்யும் முற்போக்கு நண்பர்கள் உண்டு. கோபுலுவை ரசித்தால் அக்கிரகாரத்துக்கு வெண்சாமரம் வீசுவதாகச் சொல்வார்கள். நாம் உடன்படவில்லை. அந்த இதழ்களை எரிச்சலோடு தள்ளிவைப்பவர், அவற்றின் துணுக்குகளில் வேலைக்காரி எப்படிப் பேச வைக்கப்பட்டாள், பண்ணையாள் படத்தில் எந்த மூலையில் நிறுத்தப்பட்டான் என்பதற்கான சாட்சியத்தையும் சேர்த்தே தள்ளிவைக்கிறார். மறுபக்கம், 'அந்தக் காலத்துத் தஞ்சாவூர்' என்று உருகும் நண்பர்களிடமும் நமக்குச் சண்டைதான். அவர்கள் நினைவுகூர்வது தஞ்சாவூரை அல்ல, தஞ்சாவூரைப் பற்றிய ஒரு தொடர்கதையை. இரண்டு தரப்புக்கும் வேண்டாதது ஒன்றே: கதை பிடுங்கப்பட்ட அந்த மிச்சக் கட்டு.

காகிதம் பிழைப்பதற்கு முதலில் ஒரு கூரை வேண்டும் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாளெல்லாம் சேர்த்த இதழ்களும் நூல்களும் அவர் மறைவுக்குப் பின் சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் 1994-இல் சென்னையில் நூலகமாயின. பழந்தமிழ் இதழ்களைக் காப்பாற்ற அமெரிக்கப் பல்கலைக்கழகம் வர வேண்டியிருந்தது என்று வெட்கப்படுவதா, வந்ததே என்று நன்றி சொல்வதா, இன்றுவரை நமக்குத் தெளியவில்லை. செட்டிநாட்டு வீட்டுக்குத் தேக்குக் கூரை. அக்கிரகார வீட்டுக்கு நாட்டு ஓடு, அதன் கீழ் பரண். சேரிக்குக் கீற்று.

பரணைத் தவறவிட்ட பிறகு ஓர் உறுத்தலில், சங்க வேலைகளில் ஈடுபட்டிருந்த பழைய தோழர்களின் வீடுகளைத் தேடிப் போகத் தொடங்கினோம். கீழ்வேளூர்ப் பக்கம் ஒரு வீடு. பெரியவர் காலமாகிச் சில ஆண்டுகள் ஆகின்றன. மகன் வயல் வேலைக்காரர். உட்காரச் சொல்லி மோர் கொடுத்துவிட்டு, உள்ளேயிருந்து ஒரு தகரப் பெட்டியைத் தூக்கி வந்தார். "அப்பா எல்லாத்தையும் பத்திரமாத்தான் வச்சிருந்தாருங்க ஐயா. கஜாப் புயல்ல கூரை போனப்ப பெட்டிக்குள்ள தண்ணி எறங்கிடுச்சு" என்றார். 2018 நவம்பர். உள்ளே சங்கத் துண்டறிக்கைகளும், மாநாட்டு மலர்களும், ஜனசக்தி இதழ்களும் ஒன்றோடொன்று ஒட்டி, செங்கல்லைப் போல ஒரே கட்டியாக இறுகியிருந்தன. விளிம்பில் மட்டும் சிவப்பு மசி கசிந்திருந்தது.

எடுத்துக்கொண்டு போகலாமா என்று தயங்கிக் கேட்டோம். "கொண்டு போங்க ஐயா. அப்பா இருந்தா எந்தத் தாள்ல என்ன இருக்குன்னு பிரிக்காமலே சொல்லுவாரு" என்றார்.

இந்த முறை முழுவதையும் ஒரே நடையில் கொண்டுவந்துவிட்டோம். ஈரம் காட்டி, மெல்லிய மூங்கில் சீவலால் நெம்பி, மை ஒற்றும் தாளுக்கிடையே வைத்து விடுமுறை நாட்களில் பிரித்துக்கொண்டிருக்கிறோம். இதுவரை பதினொரு தாள்கள் பிரிந்திருக்கின்றன. ஏழாவது தாளின் பின்புறத்தில் பென்சிலால் எழுதிய ஒரு பட்டியல்: ஆட்களின் பெயர்கள், எதிரே படிக் கணக்கு.